இங்கிலாந்துப் பள்ளியிலிருந்து "வருகை 88%" என்று கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது?

வேப்பமரம்:

வணக்கம். மகள் ஆண்டு 4 படிக்கிறாள், இங்கிலாந்தில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளி. நேற்று அவளுடைய பையில் ஒரு கடிதம் இருந்தது. வருகை 88 சதவீதம், அனுமதியில்லாமல் வராதது 8 செஷன், இப்படியே போனால் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சிக்கு) தெரிவிக்க வேண்டிவரும், அபராதமும் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். என்னுடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். சமையலறையில் நின்றபடி மகள்தான் வாசித்துச் சொன்னாள். பாதியில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எனக்குக் காய்ச்சல் வந்ததாலயா அம்மா உங்களுக்கு ஃபைன்?" என்று கேட்டாள். எனக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

செப்டம்பரிலிருந்து அவள் வீட்டில் நின்றது காய்ச்சலுக்கு 4 நாள், சின்னம்மைக்கு 4 நாள், வயிற்றோட்டத்துக்கு 1 நாள். ஒவ்வொரு நாளும் காலையிலேயே போன் எடுத்துச் சொன்னேன். ஊர் சுற்ற ஒரு நாள்கூட மறிக்கவில்லை. பிந்திப் போனது உண்டு. கணவருக்கு இரவு வேலை; சின்னவனை நர்சரியில் விட்டுவிட்டுத்தான் இவளைக் கூட்டிக்கொண்டு ஓடுவேன். ஆனால் பிந்தினாலும் போயிருக்கிறாள்தானே? 9 நாளுக்கு எப்படி 88 ஆனது? அந்த 8 எங்கிருந்து வந்தது?

பழைய ஆபீஸ்:

பள்ளி அலுவலகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் மகளைக் கூப்பிட்டு, இது அவள் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளியில் வருகையை நாள் கணக்கில் எண்ணுவதில்லை. காலை ஒரு செஷன், மதியம் ஒரு செஷன். வருடத்துக்கு 190 நாள், அதாவது 380 செஷன். பிப்ரவரி லீவு வரைக்கும் சுமார் 100 நாள் ஓடியிருக்கும், 200 செஷன். அதில் 88 சதவீதம் என்றால் 24 செஷன் போயிருக்கிறது. நீங்கள் சொன்ன 9 நாள் 18 செஷன்தான். மீதி 6, லேட்டாகப் போன காலைகளாகத்தான் இருக்கும்.

லேட்டில் இரண்டு வகை உண்டு. ரெஜிஸ்டர் திறந்திருக்கும்போது போனால் "எல்" என்று போடுவார்கள், அது வந்ததாகவே கணக்கு. ரெஜிஸ்டர் மூடிய பிறகு போனால் "யூ". பிள்ளை அன்று முழுக்க வகுப்பில் உட்கார்ந்து படித்திருந்தாலும் அந்தக் காலை செஷன் அனுமதியில்லாத வராமையாகத்தான் விழும். இந்த ஒரு எழுத்துத்தான் எத்தனையோ அம்மா அப்பாவை ஆபீஸ் ஜன்னலில் வந்து அழ வைத்திருக்கிறது. ரெஜிஸ்டரை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பது அரசு வழிகாட்டுதல். பள்ளி 8:45க்குத் தொடங்கினால் 9:15க்குள் மூடிவிடுவார்கள். நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள்?

6 யூ போக இன்னும் 2 அனுமதியில்லாதது இருக்கிறது. ஒரு முழு நாள் "ஓ", அதாவது அனுமதியில்லாத வராமை, ஆகியிருக்க வேண்டும். நோய் என்று ஏற்றுக்கொண்டால் "ஐ" போடுவார்கள், அது அனுமதித்த வராமை. ஏதோ ஒரு நாள் நீங்கள் சொன்ன தகவல் பதிவாகாமல் போயிருக்கலாம். ஆபீஸுக்கு இன்றே ஒரு ஈமெயில் போடுங்கள். மகளுடைய ரெஜிஸ்டரை, தேதிவாரியாக, குறியீட்டோடு அச்செடுத்துத் தரும்படி கேளுங்கள். அது கைக்கு வராமல் சதவீதத்தை வைத்துப் பேசப் போகாதீர்கள்.

இரட்டையர் அப்பா:

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். எங்களுக்கும் வந்தது. அதிகம் போனால் 80 பவுண்டு. கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பழைய ஆபீஸ்:

தம்பி, இந்த ஆலோசனையை யாருக்கும் சொல்ல வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுக்க ஒரே விதி. 10 பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாத செஷன் 10 ஆனால், அபராதம் போடலாமா என்று பள்ளி பரிசீலித்தே ஆக வேண்டும். தானாக விழாது, சூழ்நிலையைப் பார்ப்பார்கள். விழுந்தால் 21 நாளுக்குள் 80 பவுண்டு, 28 நாளுக்குள் 160. அதுவும் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. உங்கள் வீட்டில் இரட்டையர், அம்மாவும் அப்பாவும் இருந்தால் நாலு அபராத நோட்டீஸ். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாவது தடவை என்றால் நேராக 160. மூன்றாவது தடவை நோட்டீஸே கிடையாது, வழக்கு வரைக்கும் போகலாம். நோட்டீஸ் வந்த பிறகு மேல்முறையீடும் செய்ய முடியாது. அதனால் பேச வேண்டிய நேரம் இதுதான், வேப்பமரம். 8 செஷனும் அந்த 10 வாரத்துக்குள் வருகிறதா என்பதையும் அச்சுத்தாளில் பாருங்கள்.

மூன்று மாடி:

அபராதம் கட்டினால் வீசாவில் குற்றப் பதிவு வருமா என்று பலர் பயப்படுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்குக் கட்டிவிட்டால் அந்த விஷயத்துக்காக வழக்குப் போட முடியாது. அது குற்றத் தீர்ப்பும் ஆகாது. கட்டாமல் விட்டு நீதிமன்றம் போய்த் தோற்றால்தான் தீர்ப்பு.

இன்னொன்று. தாள் வந்ததும் தேதிக்குப் பக்கத்தில் கிழமையை எழுதிப் பாருங்கள். என் மகனுக்கு எல்லா லேட்டும் செவ்வாயில் விழுந்திருந்தது. அன்றைக்கு நீச்சல் வகுப்பு. அவன் வாய் திறந்து சொன்னதே இல்லை, சாக்ஸைத் தேடிக்கொண்டே இருப்பான்.

வேப்பமரம்:

எல்லோருக்கும் நன்றி. தாள் வந்துவிட்டது. ஆபீஸ் அக்கா சொன்னது அப்படியே சரி. 6 யூ, 2 ஓ, 16 ஐ. வாசல் 8:45, ரெஜிஸ்டர் மூடுவது 9:15. நாங்கள் போய்ச் சேர்ந்தது 9:18, 9:20, 9:25 என்று இருக்கிறது. மூன்று நிமிடத்தில் ஒரு செஷன் போயிருக்கிறது. வயிற்றோட்ட நாளுக்குத்தான் ஓ. அன்று 8:10க்கு போன் எடுத்து மெசேஜ் விட்டது என் போனில் இன்னும் இருக்கிறது.

கிழமையும் எழுதினேன். ஆறில் நாலு வெள்ளிக்கிழமை. எனக்கு நர்சரி மட்டும்தான் காரணமாகத் தெரிந்தது. இரவு தலை பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். வெள்ளி காலை ஸ்பெல்லிங் டெஸ்ட்டாம். முடிந்ததும் மார்க்கைச் சத்தமாகச் சொல்வார்களாம். சப்பாத்தை அலுமாரிக்குப் பின்னால் அவளேதான் ஒளித்திருக்கிறாள். நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன் அந்தச் சப்பாத்துக்காக.

பழைய ஆபீஸ்:

பள்ளியோடு பேச ஒரு கூட்டம் கேளுங்கள், அந்த வெள்ளிக்கிழமையைத்தான் அதில் முதலில் வையுங்கள். போன் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓ-வை ஐ-யாகத் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள். திருத்தினால் பழைய குறியீடு, காரணம், தேதி, திருத்தியவர் பெயர் எல்லாம் பதிவில் நிற்க வேண்டும், ஆகவே அவர்களுக்கும் எழுத்தில் ஆதாரம் இருப்பது நல்லது. ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதத்துக்கு அலைய வேண்டாம். பெரும்பாலும் பெற்றோர் சொன்னாலே போதும்; சந்தேகம் வந்து கேட்டால் மருந்துச் சீட்டோ அப்பாயின்ட்மென்ட் மெசேஜோ காட்டலாம். தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனி மகளை வாசிக்க விட வேண்டாம்.

வேப்பமரம்:

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். அந்த 2 ஓ-வும் ஐ ஆகிவிட்டன. யூ ஆறும் அப்படியேதான் நிற்கும் என்றார்கள், நான் மறுக்கவில்லை, அது உண்மை. இப்போது 6 என்பதால் கவுன்சிலுக்கு அனுப்பவில்லை, ஆறு வாரம் கவனிப்பார்களாம். காலை உணவுக் கிளப் 8 மணிக்குத் திறக்கிறது; இனி முதலில் இவளை விட்டுவிட்டுத்தான் நர்சரிக்குப் போவேன். ஆசிரியர் மார்க்கைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்துவதாகச் சொன்னார். ஒவ்வொருவர் நோட்டிலும் எழுதித் தருவாராம்.

இன்று வெள்ளி. சப்பாத்து வாசலிலேயே இருந்தது.