பிடிஎஃப் தயாராகிறது… ஆனால் 0 சதவீதத்திலேயே நிற்கிறது! உங்கள் அனுபவம்?

ராக்கோழி
சம்பளச் சீட்டு, மதிப்பெண் பட்டியல் என்று ஒரே பட்டனில் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தயாரிக்கும் இணையச் செயலிகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் பயனருக்குத் திரையில் என்ன பதில் வைத்தீர்கள்? நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது ஒரு பழைய பிஎச்பி செயலி. ஒரு ரிக்வெஸ்ட் பிடிஎஃப் தயாரிக்கும். இன்னொன்று அவ்வப்போது போய் எவ்வளவு முடிந்தது என்று கேட்டு வரும். திரையில் முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை, அதாவது பார், அசையவே அசையாது. வேலை முடிந்த மறுநொடி 100-க்குத் தாவும். எல்லாரும் ஜாவாஸ்கிரிப்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் வில்லன் செஷன் பூட்டு. செஷன் என்றால் ஒரு பயனரைப் பற்றி சர்வர் வைத்துக்கொள்ளும் தகவல். பிஎச்பி வழக்கமாக செஷனைக் கோப்பில் வைக்கும். ஒரு ரிக்வெஸ்ட் அதைத் திறந்தால், முடியும்வரை பூட்டியே வைத்திருக்கும். அதே பயனரின் அடுத்த ரிக்வெஸ்ட் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கனமான வேலை தொடங்கும் முன் செஷன்_ரைட்_குளோஸ் என்று ஒரு வரி சேர்த்தோம், தீர்ந்தது. அதற்கப்புறம் செஷனில் எழுத முடியாது என்பதால் முன்னேற்ற எண்ணை ரெடிஸுக்கு (நினைவகத்தில் இயங்கும் தரவுக் கிடங்கு) மாற்றினோம்.

டீக்கடை பெஞ்ச்
அதே நோய், எங்களுக்கு வேறு இடத்தில். ஜாங்கோவும் (பைத்தான் இணையச் சட்டகம்) செலரியும் (வேலைகளைப் பின்னணியில் ஓட்டும் கருவி). வொர்க்கர் ஒழுங்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் டேபிளில் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறது, திரையில் மட்டும் 0. மொத்த வேலையையும் யாரோ ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்தே பதிவாகும் டேட்டாபேஸ் தொகுப்பு) போட்டிருந்தார்கள். அது கமிட் ஆகும்வரை, அதாவது உறுதியாகப் பதிவாகும்வரை, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அந்த எண்ணை மற்ற இணைப்புகளுக்குக் காட்டாது. செலரியிலேயே அப்டேட்_ஸ்டேட் இருக்கிறது. செலரியின் முடிவுகளை அதே டேட்டாபேஸில் வைக்காதவரை, எண்ணை அதன் வழியாக அனுப்பிவிட்டால் டிரான்சாக்ஷன் தொல்லையே இல்லை.

வாசு_பின்வாசல்
நீங்கள் இருவரும் பாருக்காவது வந்திருக்கிறீர்கள். எங்கள் பயனர்கள் பார்த்ததெல்லாம் 504, அதாவது 'பதில் வரத் தாமதம்' என்ற பிழைதான். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னாலிருக்கும் செயலியிடமிருந்து 60 விநாடி எந்த அசைவும் இல்லையென்றால் கைகழுவிவிடும். அதன் இயல்பு அமைப்பே அப்படி. பிழையைப் பார்த்தவர் மறுபடி பட்டனை அழுத்துவார். முதல் வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும், சர்வர் திணறும். டைம்அவுட்டை ஏற்றிவிடலாம் என்று மேலிடம் சொன்னது. அது வியாதியை நாளைக்குத் தள்ளிப்போடுவதுதான். கடைசியில் வேலையைக் கியூவில் (காத்திருப்பு வரிசை) போட்டுவிட்டு உடனே 202-உம் ('ஏற்றுக்கொண்டோம்' என்ற பதில் குறியீடு) ஒரு வேலை எண்ணும் திருப்பி அனுப்பினோம். அதே மாதத்துச் சீட்டை மறுபடி கேட்டால் புது வேலை தொடங்காது, பழைய எண்ணே வரும். என் கணக்கில் பாரை விட இதுதான் முக்கியம்.

எஸ்எஸ்இ (சர்வரே தகவலைத் தொடர்ந்து அனுப்பும் முறை) வழியாக முன்னேற்றத்தை அனுப்பியபோது இன்னொரு கூத்து. என்ஜின்எக்ஸ் எல்லாவற்றையும் பஃபரில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டியது. எக்ஸ்-ஆக்ஸெல்-பஃபரிங் ஹெடரில் 'நோ' என்று வைத்த பிறகுதான் துளித்துளியாக வந்தது.

மல்லி
99-இல் உறைந்து நிற்பதை யாரும் சொல்லவில்லையே! சீட்டுகள் எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் அவற்றை ஒரே கோப்பாக இணைப்பதற்கு நெடுநேரம். சதவீதத்தையே தூக்கிவிட்டு "412 / 900 சீட்டுகள்" என்றும், பிறகு "கோப்பாக இணைக்கிறோம்" என்றும் காட்டினோம். புகார் அடங்கிவிட்டது. பப்பெட்டியரில் (குரோமை நிரல் மூலம் இயக்கும் கருவி) ஒரே பெரிய ஆவணமாகப் போட்டால் இதுவும் முடியாது, பாதி வழியில் அது எதுவும் சொல்லாது. அதனால் சீட்டு சீட்டாகவே தயாரியுங்கள்.

இன்னொன்று: பயனர் அந்த டேபைப் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டார். குரோம் 88-லிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபின் டைமர் (எவ்வளவு முடிந்தது என்று அவ்வப்போது கேட்க வைப்பது இதுதான்) நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அதற்குள் அவர் டீ குடிக்கப் போயிருப்பார். முடிந்ததும் இணைப்போடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ராக்கோழி
மல்லி, நடுவில் ஒரு சீட்டு மட்டும் தோற்றால் என்ன காட்டுகிறீர்கள்? எங்களுடையது மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது.

மல்லி
நிறுத்துவதில்லை. "899 தயார், 1 தோல்வி" என்று காட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும் மறுமுயற்சி பட்டன். வங்கிக் கணக்கு எண் விடுபட்ட ஒருவருக்காக மற்ற எல்லாரையும் காக்க வைக்க முடியுமா?