கல்யாணத்துக்கு கில்ட்: ரெடிமேடா, அளவெடுத்துத் தைக்கிறதா? ஸ்காட்லாந்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கேட்டவர்: கிளாஸ்கோ_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து கிளாஸ்கோ வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஸ்காட்டிஷ் நண்பருக்கு செப்டம்பர்ல கல்யாணம். ஆம்பளைங்க எல்லாரும் கில்ட்தான் (இடுப்புல சுத்திக் கட்டுற, கட்டம் போட்ட கொசுவ உடை), நீயும் போட்டுட்டு வான்னு சொல்லிட்டார். எடின்பரோ ராயல் மைல் தெருவுல ஒரு கடையில 40 பவுண்டுக்குத் தொங்குது. கில்ட் தைக்கிற கடையில கேட்டா 700 பவுண்ட். எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. எதுக்கு இவ்வளவு விலை வித்தியாசம்? இன்னொண்ணு, நம்ம ஆளுங்க போட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

பதில்: எடின்பரோ_அண்ணன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கூப்பிட்ட மரியாதைக்குப் போட்டுட்டு வந்தா சந்தோஷம்தான் படுவாங்க. ஸ்காட்டிஷ் குலப்பேர் இருந்தாத்தான் டார்டன், அதாவது கில்ட்டோட கட்ட டிசைன், போடலாம்னு சிலபேர் பயமுறுத்துவாங்க, அப்படி ஒரு சட்டமும் கிடையாது. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்னு இறுகினதே பெரும்பாலும் 1822ல நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்துபோன காலத்துக்கு அப்புறம்தான். எல்லாரும் போடக்கூடிய டார்டன் நிறைய இருக்கு: பிளாக் வாட்ச், ராயல் ஸ்டூவர்ட், ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது, அதைக் கடைக்காரரே உங்களுக்குத் தைச்சுத் தர மாட்டார். ஸ்காட்லாந்து அரசாங்கமே 2009ல இருந்து டார்டன் பதிவேடு ஒண்ணு நடத்துது. சீக்கியர்களுக்கு 'சிங்' டார்டன்கூட இருக்கு. அதனால இந்தக் கூச்சத்தை இங்கேயே விட்டுடுங்க.

இப்போ விலை. உங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியறதுக்குக் காரணம், கடையில முன்பக்கத்தைப் பார்த்திருப்பீங்க. முன்னாடி தட்டையா இருக்கிற பகுதியில பெரிய வேலை ஒண்ணும் இல்ல. திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க, கொசுவம் இருக்கிற இடத்தை.

முறைப்படி தைக்கிற ஆண்கள் கில்ட்டுக்கு 8 கஜம் துணி ஆகும். துணி இரட்டை அகலத்துல நெய்து வரும், அதை நடுவுல ரெண்டாக் கிழிச்சுப் பயன்படுத்துவாங்க. அதனால பில்லுல 4 கஜம்னு இருந்தா உங்களை ஏமாத்தறாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. அவ்வளவு துணியையும் இடுப்புக்குப் பின்னாடி இருபத்தஞ்சு முப்பது மடிப்பா அடக்கணும். அதுவும் எப்படி? மடிச்ச பிறகும் பின்பக்கத்துல டார்டன் கட்டம் உடையாம, மடிக்காத துணி மாதிரியே தொடர்ந்து தெரியணும். ராணுவ ரெஜிமென்ட்டுகள்ல வேற வழக்கம், ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே கோடு நடுவுல வர்ற மாதிரி மடிப்பாங்க. எந்த முறையா இருந்தாலும் ஒவ்வொரு மடிப்பும் இடுப்புக்கு ஒரு அகலம், புட்டத்துக்கு ஒரு அகலம்னு உங்க உடம்பை அளந்து அமைக்கப்படுது. அதை ஊசியால, கையால தைக்கிறாங்க. உள்ளே கேன்வாஸ் வெச்சு இழுவை தாங்கற மாதிரி கட்டுறாங்க. ஒருத்தர் உட்கார்ந்து ரெண்டு மூணு முழு நாள் பார்க்கிற வேலை. 700 பவுண்ட்ல ஒரு பெரிய பங்கு அந்தத் தையல் கூலின்னு வெச்சுக்கலாம். மிச்சம் துணி. நல்ல உல்லன் துணி, கஜத்துக்கு 16 அவுன்ஸ் கனம். அந்தக் கனம்தான் நடக்கும்போது மடிப்பை ஆட்டி, நின்னதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுது. காத்துக்கும் அசையாது, ஸ்காட்லாந்துல அது சின்ன விஷயம் இல்ல.

40 பவுண்ட் கில்ட் பெரும்பாலும் அக்ரிலிக், செயற்கை நூல். துணி கம்மி, மடிப்பும் கம்மி, மிஷின் தையல், பின்னாடி கட்டம் எங்கே உடையுதுன்னு யாரும் பார்க்கறதில்ல. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தா மடிப்பு கலைஞ்சு போர்வை சுத்தின மாதிரி ஆயிடும்.

ஆனா நம்ம ஆளுங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சனை நீளம். ரெடிமேட் கில்ட்டைப் பெரும்பாலும் இடுப்பு அளவை வெச்சுத்தான் விக்கிறாங்க. நீளம் பொதுவா 24 அங்குலம்னு ஒரே கணக்கு, கிட்டத்தட்ட 5 அடி 10 அங்குலம் உயரமுள்ள ஆளுக்கு. கில்ட் முடிய வேண்டிய இடம் முழங்கால் சிப்பியின் நடு. அஞ்சரை அடி ஆளு 24 அங்குலத்தைப் போட்டா முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பாவாடை மாதிரி ஆயிடும், போட்டோவுல அது அப்படியே தெரியும். சரி, கீழே கொஞ்சம் மடிச்சு அடிச்சுக்கலாமேன்னு நம்ம ஊர் டெய்லர் புத்தி சொல்லும். முடியாது. நல்ல கில்ட்டுக்குக் கீழ்விளிம்பு துணியோட சொந்தக் கரைதான், அங்கே மடிப்புத் தையலே கிடையாது. அத்தனை கொசுவத்தையும் சேர்த்து மடிச்சு அடிச்சா கீழே மொத்தையா நிக்கும், தொங்கற அழகே போயிடும்.

தொப்பையும் ஒரு விஷயம், மறைச்சு என்ன பண்றது. இடுப்பு பெருசு, புட்டம் சின்னதுன்னு இருக்கிற உடம்புக்கு ரெடிமேட் கில்ட் பின்னாடி ஊதிக்கிட்டு நிக்கும். அளவெடுத்துத் தைக்கிறவர் ரெண்டையும் தனித்தனியா அளந்து மடிப்புலயே சரி பண்ணிடுவார்.

இவ்வளவு சொல்லிட்டு, உங்களுக்கு என் யோசனை: ரெண்டும் வேண்டாம். செப்டம்பர் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுங்க. கில்ட், கோட், வெயிஸ்ட்கோட், முன்னாடி தொங்கற ஸ்போரன் பை, முழங்கால் காலுறை, அதுல தொங்கற ஃபிளாஷஸ் பட்டை, நீளக் கயிறு கட்டுற கில்லி புரோக் ஷூ எல்லாம் சேர்த்து 100 பவுண்ட் சுத்தி வரும், ஊரையும் கடையையும் பொறுத்துக் கொஞ்சம் முன்னப்பின்ன. சொந்தமா வாங்கினா கில்ட்டோட நிக்காது, இந்தப் பட்டியல் முழுக்க வாங்கியாகணும், அதுல கோட் மட்டுமே நல்ல காசு. இங்கே எத்தனை வருஷம் இருப்போம்னே தெரியாத நிலையில 1000 பவுண்டைத் துணிக் கடையில போடாதீங்க. கவுன்சில் டாக்ஸ்னு வீட்டுக்குக் கட்டுற உள்ளாட்சி வரிக்கும் வீட்டு டெபாசிட்டுக்கும் அது உதவும்.

கேட்டவர்: கிளாஸ்கோ_புதுசு

ரொம்ப நன்றிண்ணா. வாடகை யோசனை தோணவே இல்ல. ஆனா ஆன்லைன்ல 'கஸ்டம் மேட்' கில்ட் 120 பவுண்டுக்கு ஒண்ணு பார்த்தேன். இடுப்பு, நீளம் அனுப்பினா நம்ம அளவுக்கே தைச்சு அனுப்புவாங்களாம். அது நடுவாந்தரமா இருக்குமே?

பதில்: எடின்பரோ_அண்ணன்

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளவு கேட்டாலே கைத்தையல்னு அர்த்தம் இல்ல. இந்த விலையில வர்றதுல நிறைய பாகிஸ்தான் சியால்கோட்ல தைக்கிறது. அந்த ஊரைக் குறைச்சு சொல்லல, பல காலமா பேக்பைப்பும் கால்பந்தும் உலகத்துக்கே செஞ்சு அனுப்புற ஊர் அது, வேலை சுத்தம். ஆனா 120 பவுண்டுக்கு 8 கஜம் உல்லன் துணியே கிடைக்காது, அப்போ எங்கேயோ குறைச்சிருக்காங்க. எங்கேன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். துணி உல்லனா, பாலி விஸ்கோஸ்ங்கிற செயற்கை நூல் கலவையா, அக்ரிலிக்கா? எத்தனை அவுன்ஸ்? எத்தனை கஜம்? பின்பக்க மடிப்புல கட்டம் சேருதா? துணி எந்த மில்? லாக்கேரன், ஹவுஸ் ஆஃப் எட்கர், ஸ்ட்ராத்மோர், மார்ட்டன் மில்ஸ் மாதிரி ஒரு பேரைத் தயங்காமச் சொன்னா நல்ல அறிகுறி. "பிரீமியம் குவாலிட்டி சார்" மட்டும் திரும்பத் திரும்ப வந்தா நகர்ந்துடுங்க. உடையில எந்த நூல் எத்தனை சதவீதம்னு லேபிள்ல எழுதணும்னு இங்கே சட்டமே இருக்கு, அதனால அந்தக் கேள்விக்கு மழுப்பல் பதில் வர நியாயமே இல்ல. டார்டன் பேரு ஸ்காட்டிஷ்னு எழுதியிருக்கிறதை வெச்சுத் துணி ஸ்காட்லாந்துல நெய்ததுன்னும் நினைச்சுக்காதீங்க.

இன்னொரு சட்டமும் தெரிஞ்சுக்கோங்க, புதுசா வர்றவங்க நிறையபேர் இதுல மாட்டிக்கிறாங்க. பிரிட்டன்ல ஆன்லைன்ல வாங்கின பொருளைக் காரணமே சொல்லாம 14 நாளுக்குள்ள ரத்து பண்ணலாம், 2013 நுகர்வோர் ஒப்பந்த விதி அது. ஆனா உங்க அளவுக்குன்னே செஞ்ச பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. ரெடிமேட் கில்ட் பிடிக்கலைன்னா திருப்பிடலாம், கஸ்டம் கில்ட்டை அப்படித் திருப்ப முடியாது. குறையோட வந்தாலோ, நீங்க கொடுத்த அளவுக்கு மாறா வந்தாலோ கேட்கலாம், அது வேற. நீங்களே தப்பான அளவு கொடுத்திருந்தா உங்க தலையிலதான் விழும்.

அளவு தப்பாகிறதுதான் இங்கே அதிகம். எல்லாரும் பேண்ட் சைஸை எழுதி அனுப்பிடறாங்க. பேண்ட் இடுப்பெலும்புல நிக்குது, கில்ட் தொப்புள்கிட்ட ஏறி நிக்கணும். கிட்டத்தட்ட வேட்டி கட்டுற உயரம், ஆனா வேட்டியை இறுக்கிக் கட்டி சமாளிக்கிற மாதிரி இதைப் பண்ண முடியாது. வாரும் பக்கிளும் ஓரிரு அங்குலம்தான் விட்டுக்கொடுக்கும். தொப்புளைச் சுத்தி ஒரு அளவு, புட்டத்துல அகலமான இடத்துல ஒரு அளவு, தொப்புள்ல இருந்து முழங்கால் நடு வரைக்கும் நீளம். நீங்களே குனிஞ்சு பார்த்து அளக்கக் கூடாது, குனிஞ்சா நீளம் மாறிடும். வேற யாராவது அளக்கட்டும். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அளவு கொடுக்கிற வேலையும் வேண்டாம்.

பாலி விஸ்கோஸை ஒரேயடியா ஒதுக்கவும் மாட்டேன். வாஷிங் மிஷின்ல போடலாம், பியர் கொட்டினாலும் கவலை இல்ல. ஸ்காட்லாந்து கால்பந்து மேட்ச்சுக்குப் போற டார்டன் ஆர்மி ரசிகர் கூட்டத்துல விலை குறைஞ்ச கில்ட் நிறையப் பார்க்கலாம். மேட்ச், மலையேத்தம், பப்புக்கு அது போதும். கல்யாணத்துக்குத்தான் வேண்டாம்னு சொல்றேன்.

பதில்: அபர்டீன்_அக்கா

ஒரு வழியை யாருமே சொல்லல, அதான் எழுதறேன். பழைய கில்ட்! இங்கே பழைய பொருள் விக்கிற சாரிட்டி ஷாப்பிலும், வாடகைக் கடைங்க பழைய சரக்கைத் தள்ளும்போதும் கைத்தையல் உல்லன் கில்ட் 100, 150 பவுண்டுக்கே கிடைக்கும். என் வீட்டுக்காரர் போடுறது அப்படி வாங்கினதுதான், புதுசுன்னே எல்லாரும் நினைச்சுக்கிறாங்க. அதே காசுக்குப் புது அக்ரிலிக் வாங்கறதை விட இது எவ்வளவோ மேல். உல்லன் கில்ட்டை ஒழுங்கா வெச்சிருந்தா ஒரு ஆயுசுக்கு வரும்.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, அந்துப்பூச்சி அரிச்ச ஓட்டை இருந்தா தெரிஞ்சுடும். உள்பக்கம் திருப்பிக் கைத்தையல் இருக்கான்னு பாருங்க, சின்னச் சின்னதா, சாய்வா இருக்கும். இடுப்பு ஓரிரு அங்குலம் வித்தியாசம்னா பக்கிளை நகர்த்தித் தைச்சுக்கலாம். நீளம் சரியில்லைன்னா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க, அண்ணன் சொன்ன அதே காரணம்தான். வீட்டுக்கு வந்ததும் கிளிப் ஹேங்கர்ல தொங்க விடுங்க, பெட்டியில மடிச்சு வைக்காதீங்க. தண்ணியில தோய்க்கவே கூடாது. சுருக்கம்னா நீராவி போதும், அழுக்குன்னா டிரை கிளீனிங்.

பிள்ளைங்க விஷயமும் சொல்லிடறேன். ஜனவரி 25, ஸ்காட்டிஷ் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவா கொண்டாடுற பர்ன்ஸ் நாள் வந்தா ஸ்கூல்ல டார்டன் போட்டு வரச் சொல்வாங்க. அதுக்கெல்லாம் 20 பவுண்ட் ரெடிமேட் போதும், அடுத்த வருஷம் பத்தாது. பெரிய பையன் ஸ்கூல் முடிச்சுப் போற பார்ட்டிக்கு வாடகை. வளர்ற பையனுக்கு 700 பவுண்ட்ல தைக்கிறது வீண் செலவு, தாத்தா பாட்டி காசு அனுப்பினாலும் சரி.

கேட்டவர்: கிளாஸ்கோ_புதுசு

அக்கா, சூப்பர் தகவல். நேத்து வாடகைக் கடைக்குப் போயிட்டு வந்தேன். பேண்ட் 34, ஆனா கில்ட்டுக்கு 37 வந்தது! இப்போ ரெண்டு சந்தேகம். காலுறையில சொருகுற கத்தி, ஸ்கீன் டூ, அதைத் தெருவுல போட்டுட்டுப் போலாமா? அப்புறம், டிசம்பர்ல ஊருக்குப் போறப்போ தங்கச்சி கல்யாணத்துல கில்ட் போட்டுக் காட்டலாம்னு ஒரு ஆசை.

பதில்: எடின்பரோ_அண்ணன்

கத்தி: பொது இடத்துல கத்தி வெச்சிருக்கிறது இங்கே குற்றம். தேசிய உடையோட பகுதியா வெச்சிருந்தா அதை உங்க தரப்பு வாதமாச் சொல்லலாம்னு ஸ்காட்லாந்துச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா கல்யாணம் முடிஞ்சு நடுராத்திரி பஸ் ஸ்டாப்புல நின்னு போலீஸ்கிட்ட அந்த வாதத்தைச் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம். விசா மேல இருக்கிறவங்க இதுல விளையாடக் கூடாது. வாடகைக் கடையில பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் இருக்கிறது கேளுங்க, உள்ளே பிளேடு இருக்காது, வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும். நிஜக் கத்தியை விமானத்துல கைப்பையில எடுத்துட்டுப் போக முடியாதுன்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

தங்கச்சி கல்யாணம்: 16 அவுன்ஸ் உல்லன், உள்ளே கேன்வாஸ், முழங்கால் வரை உல்லன் காலுறை, மேல கோட். திருச்சி டிசம்பரா இருந்தாலும் மண்டபத்துல ஏசி இல்லைன்னா தாலி கட்டுறதுக்குள்ள வெந்துடுவீங்க. 11 அவுன்ஸ்லயும் கில்ட் துணி நெய்யுறாங்க, வெயில் ஊருக்குன்னே அதைத் தேர்ந்தெடுக்கிறவங்க இருக்காங்க. உண்மையிலேயே ஆசைன்னா, அதுவே நீங்க சொந்தமா தைச்சுக்கிறதுக்கு நல்ல காரணம். ஆனா டிசம்பருக்கே வேணும்னா இப்பவே ஆர்டர் கொடுக்கணும். நல்ல தையல்காரர்கிட்ட ரெண்டு மூணு மாசம் வரிசை இருக்கும், கோடைக் கல்யாண சீசன்ல இன்னும் கூட. அவசரம் இல்லைன்னா முதல்ல செப்டம்பர் கல்யாணத்துல ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்க, கேய்லிங்கிற ஸ்காட்டிஷ் குழு நடனம் ஆடிப் பாருங்க, உட்காரும்போது பின்பக்க மடிப்பைக் கையால தடவி விட்டு உட்காரப் பழகுங்க. அதுக்கப்புறம் ஆர்டர் கொடுத்தா டிசம்பருக்கு வர்றது இழுபறிதான், அப்போ அடுத்த விசேஷத்துக்குன்னு வெச்சுக்கோங்க.

கடையில போட்டுப் பார்க்கும்போது கொசுவம் பின்பக்கம், திறப்பு உங்க வலதுபக்கம். முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு மடல் வரும், கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்துங்க, ரெண்டையும் சேர்த்துக் குத்தினா துணி கிழியும், டெபாசிட்டும் போகும்.

பதில்: அபர்டீன்_அக்கா

வாடகையை ஒரு நாள் முன்னாடியே எடுத்துட்டு வந்து வீட்டுல முழுசாப் போட்டுப் பாருங்க தம்பி. காலுறை ஒண்ணு குறையும், இல்லைன்னா ஷூ மாறி வந்திருக்கும். சனிக்கிழமை காலையில கடைக்கு ஓட முடியாது.