நெருக்கடி தணிந்த பிறகு கிளம்பலாமா? பொண்ட் (படித்துவிட்டு வந்து வேலை செய்யும் ஒப்பந்தம்) முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது

வடலி எழுதியது:

இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன், சிரேஷ்ட விரிவுரையாளர். நியூசிலாந்தில் மூன்று வருட வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாரும் கிளம்பியபோது நான் போகவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு நாட்களில் போனில் சார்ஜ் இருக்கும்வரை சூமில் படிப்பித்தேன். கியூஆர் முறையில் பங்கீடாகக் கிடைத்த பெற்றோலை வைத்து எந்த நாள் கம்பஸ் போவது, எந்த நாள் வீட்டில் இருப்பது என்று பார்த்துப் பார்த்து ஓடினேன். 2023 ஜனவரியில் புதிய வருமான வரி வந்தது. அதுவரை வரியே இல்லாத 240,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் 18,600 வெட்டினார்கள். அப்போதும் இருந்தேன். (மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.) 2025 ஏப்ரலில் அதே தொகைக்கு வரி 6,200 ஆகக் குறைந்தது. 360 வரை ஏறிய டொலரும் 2025இல் 300 அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த நேரத்தில்தான் எனக்குப் போகத் தோன்றுகிறது.

எங்கள் துறையின் ஆளணி 11. இருப்பது 5 பேர். முதலில் போனவர்கள் காசுக்காகப் போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்ததாகப் போனவர்கள், அவர்கள் விட்டுப்போன பாடங்களைச் சுமக்க முடியாமல் போனார்கள். பக்கத்து அறை நண்பன் "ஒரு வருசம்தான் மச்சான்" என்று சம்பளமில்லாத லீவில் போனான். அவனுடைய அறைச் சாவி இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது. அவன் திருத்தாமல் விட்ட 84 விடைத்தாள்களை நான்தான் திருத்தினேன். கடைசித் தாளுக்குள் அவன் வைத்திருந்த தேநீர்க் கடை பில் இருந்தது. மூன்று வருடமாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. வெற்றிடத்துக்கு எடுக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளர்களின் மேசையிலும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் புத்தகம்.

இனி பொண்ட். 2015 முதல் 2019 வரை சம்பளத்துடன் கலாநிதிப் படிப்புக்குப் போனேன். திரும்பி வந்து 8 வருடம் வேலை செய்வதாகக் கையெழுத்து. 2027 செப்டெம்பரில் முடியும். இப்போது விட்டால் ஏறத்தாழ 14 லட்சம் கட்ட வேண்டும். பிணை நின்றவர்களில் ஒருவர் பெரியப்பாவின் மகன், பள்ளிக்கூட ஆசிரியர். "முதலில் லீவில் போ, அங்கே இருந்து இராஜினாமாவை அனுப்பு, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள் நண்பர்கள். அப்படிப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பிறகு என்ன பார்த்தீர்கள்?

மெல்பேர்ண்காரன் எழுதியது:

நான் 2022 நவம்பரில் வந்தேன். பொண்ட் ரூபாயில்தான் எழுதப்பட்டிருக்கிறது, இதை மறக்காதீர்கள். 200ஆக இருந்த டொலர் 360 ஆனபோது, ஊரில் இருந்தவனுக்குச் சம்பளம் தேய்ந்தது. வெளியே இருந்த எனக்குக் கடன் கிட்டத்தட்டப் பாதியானது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஏழு மாதத்தில் கட்டி முடித்தேன். நீங்கள் போய்த்தான் கட்ட வேண்டும் என்றால் ஒளிக்காமல் முதலே பதிவாளருக்குத் தவணை கேட்டு எழுதுங்கள். இன்னொன்று: நான் இங்கே படிப்பிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வாகன விபத்துக் கணக்குப் பார்க்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது பல்கலைக்கழக வேலை, அது லேசில் வராது.

கச்சேரி அக்கா எழுதியது:

தம்பி, நான் பிணை நின்றவள். மாமாவின் மகன் லண்டனுக்குப் படிக்கப் போகும்போது, "சும்மா ஒரு கையெழுத்து அக்கா" என்றான். எனக்கும் பெருமை, வாசித்துப் பார்க்காமல் வைத்தேன். அவன் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அலுவலக லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அவனுக்கு வாட்ஸப் போட்டால் நீலக் கோடு விழும், பதில் வராது. கடைசியில் மாமி தாலிக்கொடியை அடகு வைத்துப் பாதி கட்டினா. மீதியை நான் மாதம் மாதம் கட்டுகிறேன். அவன் கெட்டவன் இல்லை, அங்கே அவனுக்கும் வாடகை, பிள்ளை எல்லாம் இருக்கும்தானே. ஆனால் அந்த வாத்தியாரிடம் முதலில் போய்க் கதையுங்கோ. போனில் வேண்டாம், நேரில்.

நாலாம் வருசம் எழுதியது:

சேர், நான் வேறு கம்பஸ். என் ஆய்வுக்கு இது மூன்றாவது மேற்பார்வையாளர். முதலாமவர் கனடா, இரண்டாமவர் கட்டார். ஒவ்வொருவருக்கும் தலைப்பைத் திரும்ப முதலில் இருந்து விளங்கப்படுத்தினேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை, நானும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போவதென்றால் தவணை முடிய, புள்ளிகள் போட்டுவிட்டுப் போங்கோ சேர்.

வடலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பிணை நின்ற அண்ணையின் வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் எழுந்து போய் பழைய பைல் ஒன்றைக் கொண்டு வந்தார். பொண்டின் பிரதியை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். பென்சிலால் ஓரத்தில் "2027 செப்." என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. எனக்கே சரியாக ஞாபகம் இல்லாத திகதி. "போடாப்பா, ஆனால் என்ர பென்சனுக்கு முதல் முடிச்சுவிடு" என்றார். அவருக்கு பென்சன் 2028இல்.

லீவில் போய் இராஜினாமா அனுப்புவதை விட்டுவிட்டேன். தொடங்கும் திகதியைப் படிப்புத் தவணை முடியும்வரை தள்ள முடியுமா என்று நியூசிலாந்துக்குக் கேட்டிருக்கிறேன். தள்ளினால், 14 லட்சத்தையும் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் டிக்கெட்.

மெல்பேர்ண்காரன், ஒன்று மட்டும் கேட்கிறேன்: காசு கட்டி முடிந்ததும் பிணையாளிகளை விடுவித்ததாகத் தனிக் கடிதம் தந்தார்களா, அல்லது நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்களா?

மெல்பேர்ண்காரன் எழுதியது:

கேட்டுத்தான் வாங்கினேன், நாலு மாதம் இழுத்தது. இரண்டு பிணையாளிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கடிதத்தில் இருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள். முதல் தந்ததில் ஒரு பெயரை விட்டுவிட்டார்கள்.