கலைச்சொல் உதவி: திரையரங்கில் பார்க்கும் திறந்தவெளி ஓபராவுக்கு என்ன பெயர்?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கலை இதழ் ஒன்றுக்குக் கட்டுரை தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஓபராவை, அதாவது ஐரோப்பிய மரபுப் பாட்டு நாடகத்தை, திறந்தவெளியில் நடத்தி, படம்பிடித்து, பிற ஊர்த் திரையரங்குகளில் காட்டுவதைப் பற்றியது. 2012இல் சிட்னித் துறைமுகத்தில் நீருக்கு மேல் மேடை போட்டு நடத்திய, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா' ஓபராதான் முக்கிய எடுத்துக்காட்டு. மேடைக்கு மேலே பிரம்மாண்டமான சரவிளக்கு, பின்னால் நீரும் நகரமும், வாத்தியக் குழு மேடைக்கு அடியில். இந்த வகைப் படத்துக்கு 'திரையிசைநாடகம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மதுரை, தமிழாசிரியர்:

புணர்ச்சி சரி அம்மா. திரை, இசைநாடகம், நடுவே யகர உடம்படுமெய். ஆனால் படிக்கிறவர் திரையிசை, நாடகம் என்றுதான் பிரிப்பார். சினிமாப் பாட்டு வைத்த நாடகம் என்று நினைத்துவிடுவார். இன்னொன்று, எங்கள் பக்கம் இசைநாடகம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான். பாட்டுக்கு நடுவே வசனம் உண்டு, தர்க்கம் உண்டு. ஓபராவில் முழுக்கப் பாட்டு. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டுக்கும் கெடுதல். ஓபரா என்றே விடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

யாழ்ப்பாணம், அரங்கியல் ஆய்வாளர்:

ஐயா, வசனத்தை அளவுகோலாக வைக்க முடியாது. இதே 'லா டிராவியாட்டா'வின் மூன்றாம் அங்கத்தில் நாயகி வியோலெட்டா கடிதத்தைப் பாடாமல் பேச்சாகவே வாசிக்கிறாள். 'கார்மென்' என்ற ஓபரா 1875இல் முதலில் மேடையேறியபோது பாட்டுகளுக்கு நடுவே உரையாடல் இருந்தது. எங்களிடம் ஈழத்து நடிகர் நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரன் கதையான 'மயான காண்டம்' ஆடியதும் இசைநாடகம்தான். அந்தச் சொல் இவ்வளவையும் தாங்கும். தமிழில் பாடி ஆடும் மரபு இத்தனை இருக்க, ஓபரா என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கோயம்புத்தூர், பொறியாளர்:

எல்லாரும் இசையிலேயே நிற்கிறீர்கள். அரங்கைக் கவனியுங்கள். அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றின் நடுவே உள்ள திட்டு. திருவரங்கம் அப்படித்தான் பெயர் பெற்றது. ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ் நகரில் 1946இல் ஏரியில் படகுகள்மேல் மேடை அமைத்துத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே ஏரி மேடைதான். கரையில் ஏறத்தாழ 7,000 பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நீர் நடுவே ஆடுமிடம் என்றால், நம் சொல்லின் பழம்பொருள் அப்படியே பொருந்துகிறது. திரை என்றாலும் முதலில் அலைதானே! ஆகவே 'நீரரங்கப் படம்'.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோ மேடைக்கு எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு தருகிறார். தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்கவும் சொல்கிறார். பொழுது சாயச் சாய வெளிச்சம் மாறும் மேடையைப் படம்பிடிப்பவருக்கும் அதே கவலைதான். அவர் சொல்லும் மூன்று எழினிகள் (மேடைத் திரைகள்) பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மதுரை, தமிழாசிரியர்:

எழினி மடலை அவசியம் எழுதுங்கள் தம்பி. ஆனால் திறந்தவெளி ஓபரா நடக்கும் இத்தாலியின் வெரோனாவில் நீர் ஏது? ரோமானியர் கட்டிய கல் அரங்கம் அது. வெர்டியின் நூற்றாண்டையொட்டி 1913இல் அங்கே அவருடைய 'ஐடா' ஓபராவை மேடையேற்றினார்கள். அதைப் படமெடுத்தால் நீரரங்கப் படம் என்போமா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

நீர் வேண்டாம், ஐயா சொல்வதுதான் சரி. என் சிக்கல் வேறு. இத்தாலிய இயக்குநர் ஜெஃபிரெல்லி 1982இல் 'லா டிராவியாட்டா'வைச் சினிமாவாக எடுத்தார். முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைத்து நடித்த படம் அது. நான் சொல்வது பார்வையாளர் முன் நிகழ்ந்தது. பாடகர் உடம்பில் ஒலிவாங்கி, முகத்தில் காற்று, ஒரே மூச்சில் பாடியாக வேண்டும். கரையில் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாத முகம், திரையில் அருகில் தெரிகிறது. கட்டுரையின் உயிரே இதுதான். 'படம்' என்றால் ஜெஃபிரெல்லியும் உள்ளே வந்துவிடுவார். 'நேரலை' என்று சொல்லவும் வழியில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 முதல் திரையரங்குகளுக்கு அனுப்புவது நேரலை. இது பிறகு தொகுத்துக் காட்டுவது. அதனால் 'பதிவு' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். 'திறந்தவெளி ஓபராத் திரைப்பதிவு' எப்படி?

கோயம்புத்தூர், பொறியாளர்:

நீளம். 'வெளியரங்கு' என்றாவது போடலாமே, அரங்கு மிஞ்சும்.

மதுரை, தமிழாசிரியர்:

வெளியரங்கு என்றால் வெளியூர் அரங்கு என்றும் படிக்கலாம். திறந்தவெளிதான் தெளிவு. முதலில் முழுச்சொல், அப்புறம் 'ஓபராத் திரைப்பதிவு'. நடுவே 'த்' என்ற ஒற்று மிகட்டும், பிறமொழிச் சொல் என்று ஒதுக்கினால் அது தமிழில் ஒட்டாமலே நிற்கும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

நன்றி ஐயா. தனிமடலில் வந்தவற்றிலும் பெரும்பாலானவர் இதற்கே இசைகிறார்கள். வைத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணம், அரங்கியல் ஆய்வாளர்:

தங்கைக்கு வெள்ளிக்கிழமை நெருக்கடி இருப்பதால் கட்டுரைக்குத் தடை சொல்லவில்லை. குழுமத்தின் சொற்பட்டியலில் மட்டும் 'இசைநாடகத் திரைப்பதிவு' என்பதையும் பக்கத்திலேயே சேருங்கள். ஓபரா என்ற சொல்லை மட்டும் வைப்பதை நான் ஏற்கவில்லை என்றும் குறித்து வையுங்கள்.