பக்கத்து நகருக்குப் போக வழி இல்லை: உங்கள் அனுபவம் என்ன?

மதுரை, நத்தம் சாலை:

திருப்பாலைப் பக்கம் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் நின்றால் பக்கத்து நகரின், அதாவது அடுத்த மனைப்பிரிவின், ரேஷன் கடை வரிசை தெரியும். ஆனால் எங்கள் தெரு ஒரு ஹாலோபிளாக் சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே அகலத்தில் தார் ரோடு. மெயின் ரோட்டுக்குப் போய், அடுத்த ஆர்ச்சுக்குள் நுழைந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். சுவர் இல்லையென்றால் அம்மா அந்தக் கடைக்குத் தனியாகவே நடந்து போய்விடுவார். இப்போது நான் வண்டியில் கூட்டிப்போனால்தான் உண்டு.

விசாரித்தேன். மனை போடுகிறவர்கள் உள்ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் அது பொதுப் பாதை. எங்கள் தெருவில் கடைசி ஓரடியை மட்டும் தானத்தில் சேர்க்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வழி கேட்டு வந்தால் விலை பேசலாம் என்பதற்காகவாம். அந்த ஓரடியில்தான் சுவர். எத்தனை குடும்பங்களைச் சுற்றவிடுகிறது, கோபமாக வருகிறது.

2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது, எங்கள் பகுதியும் சேர்ந்தது. 2023இல் நத்தம் சாலையில் 7.3 கி.மீ. பறக்கும் பாலம் வந்தது, வெளியூர் வண்டிகளுக்கு நல்லதுதான். கீழே மட்டும் பள்ளி வேன், பால் வண்டி, தண்ணீர் லாரி எல்லாம் ஒரே ரோட்டில் இறங்குகின்றன. நகருக்கு நகர் வழி இருந்தால் பாதி வண்டி அங்கே வரவே வராது. பழைய மதுரைக்குள் அப்படித்தான், மாசி வீதியில் தேர் வரும் நாளில்கூட சந்து சந்தாகப் புகுந்து வீடு சேர்ந்துவிடலாம். கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி வெளி வீதிகளைத் திறந்துவிட்ட ஊர் இது. 1840களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நடந்தது.

திருச்சியிலிருந்து:

எங்களுக்கும் இதே கதைதான், கம்பி வேலி. வேலி நின்ற இடம் பழைய வண்டிப்பாதை என்று பக்கத்துத் தாத்தா ஒருவர் சொன்னார். கிராம வரைபடத்தில் அது புறம்போக்காகவே இருந்தது. மனு கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகுதான் வேலியை எடுத்தார்கள். இப்போது பிள்ளைகள் சைக்கிளிலேயே பள்ளிக்குப் போகிறார்கள்.

உங்கள் சுவர் இருக்கும் சர்வே எண்ணுக்குப் புல வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்) எடுங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். தானப் பத்திர நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். அந்தப் பக்கத்து நகர்க்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.