அப்பப்பாவின்ர மொறிஸ் மைனருக்கு நிசான் எஞ்சின் பூட்டலாமோ?

கொக்குவில்803:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில ஒரு 1955 மொறிஸ் மைனர் நிக்குது. நாலு கதவு, முன் கண்ணாடி நடுவில பிரிஞ்சது, 803 சிசி எஞ்சின். சிக்னலுக்கு லைற் இல்லை, கதவுத் தூணுக்குள்ளயிருந்து ஒரு சின்னக் கை வெளிய நீளும். அதிலயும் இடது கை நீண்டா, தட்டினாத்தான் திரும்ப உள்ள போகும். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத்தகடு வர முந்தி வாங்கினது. 58இல எங்கட ஆக்கள் எதிர்ப்புக் காட்டிச் சிங்கள ஸ்ரீயை அழிச்சுத் தமிழ் ஸ்ரீ எழுதின நேரம் "எங்கட காரில அழிக்க ஒண்டுமில்லை" எண்டு அப்பப்பா கவலைப்பட்டவராம்.

போன ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குக் கொண்டுபோனன். நிப்பாட்ட இடம் தேடி மெல்லமாத் திருப்பேக்க "டங்" எண்டு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா இடது முன் சில்லு உள்ளுக்கு மடங்கி, மட்காட் நிலத்தில முட்டிக்கொண்டு நிக்குது. கேணிப் பக்கத்தால ஈர வேட்டியோட வந்த ஒரு ஐயா, "காரும் விழுந்து கும்பிடுது" எண்டிட்டுப் போனார்.

ஒரு கராச்சில காட்டினன். முன் பக்கத்தைத் திருத்துற கையோட நிசான் ஏ-12 எஞ்சினும் கியர்பொக்ஸும் பூட்டச் சொல்லினம். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஏ-9 றோட்டில 45 மைலுக்கு மேல அமத்த மனம் வராது, பின்னால வாற பஸ்காரன் ஹோர்ண் அடிச்சே என்னைக் கிளிநொச்சி வரைக்கும் கொண்டுபோய் விடுவான். பூட்டலாமோ? பூட்டின ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ.

பழைய கராச்காரன்:
தம்பி, சில்லு மடங்கினதுக்கு எஞ்சின் மாத்துறதோ? கால் முறிஞ்சவனுக்குப் பல்லுப் பிடுங்குற கதையாயெல்லோ இருக்கு.

உங்களுக்கு விட்டது கீழ் ட்ரனியன், சில்லைக் கீழ பிடிச்சிருக்கிற மரைத் துண்டு. மைனரின்ர முன் சில்லு திரும்புறது ஒரு மரையிலதான். அந்த மரைக்குக் கிறீஸ் போகாட்டி இரும்பு இரும்பைத் தின்னும். கடைசியில மரை கழண்டு சில்லு மடங்கும். அனேகமா மெல்லமாத் திருப்பேக்கதான் விடும், உங்கட அதிர்ஷ்டம் அது. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்க வேணும். அதுவும் ஜக்கில ஏத்தி, சில்லுப் பாரம் இறங்கின பிறகு அடிச்சாத்தான் மரைக்குள்ள போகும். சில்லு நிலத்தில நிக்க அடிச்சா, கிறீஸ் வெளிய வழிஞ்சு உங்களைச் சந்தோசப்படுத்தும், அவ்வளவுதான்.

இடதும் வலதும் வேற வேற. ஒண்டு இடமரை, மற்றது வலமரை. தெரியாமல் ஒரு பக்கத்துக்கே ரெண்டு வாங்கிப்போட்டு முழிச்ச ஆக்கள் இருக்கினம். இங்கிலாந்தில இப்பவும் புதுசு செய்யினம், ஆரும் வந்தாப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவரலாம்.

எஞ்சின் விசயம். உங்கட 803க்கு 30 குதிரை வலு. ஏ-12க்கு அதின்ர ரெண்டு மடங்குக்கு மேல. உங்கட பிரேக்கோ நாலு சில்லுக்கும் ஏழு அங்குல ட்ரம். மாஸ்டர் சிலிண்டர் ட்றைவரின்ர காலுக்குக் கீழ, பலகையைத் தூக்கித்தான் பிரேக் ஒயில் விட வேணும். ஓடுறதைப் பற்றிக் கேட்டியள், நிக்கிறதைப் பற்றிக் கேக்கேல்லை.

டீசல் கேம்பிறிட்ஜ்:
அண்ணை சொல்லுற பிரேக் கதை சரி. ஆனா எஞ்சின் மாத்திறதே பாவம் மாதிரிக் கதைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. நான் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கு டீசல் எஞ்சின் பூட்டி வாடகைக்கு ஓடினவன். கண்ணாடி எல்லாம் நடுங்கும், பின் சீற்றில இருந்து கதைச்சா எனக்குக் கேக்காது. எண்டாலும் பிள்ளையளைப் படிப்பிச்சது அந்தக் கார்தான். ஒறிஜினல் எஞ்சினோட கொட்டிலுக்குள்ள கோழி முட்டையிடுற கார் எத்தனை எண்டு மானிப்பாய்ப் பக்கம் போய்ப் பாருங்கோ.

இன்னொண்டு. நிசான் எண்டா ஏதோ அந்நியன் எண்டு நினைக்காதேங்கோ. 1952இல லைசென்ஸ் எடுத்து ஒஸ்ரின் ஏ-40ஐ ஜப்பானில பூட்டி வித்த கம்பனிதான் அது. தொழில் படிச்ச வீட்டுக்கே திரும்பி வருது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பூட்டினா முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடுங்கோ, காரின்ர பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பரையும் மாத்துங்கோ. விக்கேக்கதான் அந்தத் தலையிடி தெரியும்.

மண்ணெண்ணெய் மணியம்:
என்ர பேரைப் பாத்தே விளங்கியிருக்கும். 90களின்ர துவக்கத்தில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மாமாவிட்ட ஒரு ஒஸ்ரின் ஏ-30, உங்கட அதே 803 எஞ்சின். சின்னப் போத்தலில ஒரு வாய் பெற்றோல், ரியூப்பால காபரேற்றருக்குள்ள ஊதினா ஸ்ராட் வரும். கொஞ்சம் சூடேற விட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பின்னால வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்கக் குப்பி விளக்கு மணம். சந்தியில நிண்டுபோனா மாமா என்னைத்தான் பாப்பார். ஊதுறது என்ர வேலை. அண்டைக்கு முழுக்கச் சோறும் பெற்றோலா மணக்கும்.

ஏன் ஓடினது எண்டா, அந்த எஞ்சினின்ர கொம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அமத்துற அளவு, 7.2 மடங்குதான். இப்பத்தைய கார் பத்துக்கு மேல, மண்ணெண்ணெயில உடன தட்டத் துவங்கிடும். ஆனா ஒண்டு, எரியாத மண்ணெண்ணெய் றிங்கால இறங்கி எஞ்சின் ஒயிலோட கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாத்தா ஒயில் குறையிறதுக்குப் பதிலாக் கூடியிருக்கும்! மாமா முதல் தரம் அதைப் பாத்து "கார் ஒயில் சுரக்குது" எண்டு சந்தோசப்பட்டவர், பாவம்.

உங்கட காரும் அந்தக் காலத்தில ஓடியிருந்தா, எஞ்சினைக் கழட்ட முந்தி பெயரிங்கை ஒருக்காப் பாருங்கோ. தண்ணி மாதிரி ஒயிலில ஓடினது. அது நல்லா இருந்தா நான் எண்டாக் கைவைக்க மாட்டன்.

கொக்குவில்803:
எல்லாருக்கும் நன்றி. பழைய கராச் அண்ணை சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை நல்லா நிண்ட வலது பக்கத்தை ஜக்கில ஏத்திப் பாத்தன். கிறீஸ் அடிக்கிற மேல் நிப்பிள் இருக்கு. கீழ் நிப்பிளைத் தேடி அரை மணித்தியாலம். கடைசியில சுரண்டச் சுரண்ட வெள்ளைப் பெயின்றுக்குக் கீழ பச்சை, பச்சைக்குக் கீழ நிப்பிள். கார் பச்சையா இருந்தது நான் பிறக்க முந்தி.

லண்டன் சித்தப்பா மார்கழியில வாறார். இடது ஒண்டு, வலது ஒண்டு எண்டு ரெண்டு தரம் எழுதி அனுப்பியிருக்கிறன். எஞ்சினுக்குக் கீழ இருக்கிற ஒயில் சம்பைக் கழட்டி பெயரிங் பாக்கிறது வாற கிழமை. நிசான் எஞ்சின் வைச்சிருக்கிறவர் நேற்றும் ரெலிபோன் எடுத்தவர், "பாப்பம்" எண்டு மட்டும் சொல்லி வைச்சிருக்கிறன்.

டீசல் கேம்பிறிட்ஜ்:
அவர் வேற ஆருக்கும் குடுக்க முந்தி அந்த ரெலிபோன் நம்பரை எனக்கு உள்பெட்டியில போடுங்கோ.