பொருள்: பாக்டீரியோஃபேஜ் – 'உண்ணி' வேண்டாம், 'தொற்றி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜுக்கு (சுருக்கமாக ஃபேஜ்) தமிழில் 'பாக்டீரியா உண்ணி' எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. உண்ணி என்றதும் மாட்டு மடியில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வைரஸ் எதையும் உண்பதே இல்லை. 1917இல் பெயர் வைத்த ஃபெலிக்ஸ் டெரெல் அப்போது அதைக் கண்ணால் கண்டதில்லை. வளர்ப்புத் தட்டில் பாக்டீரியா அழிந்து தெளிந்த வட்டங்களைத்தான் பார்த்தார். தின்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்துவிட்டார். நடப்பதோ வேறு. பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மரபுப்பொருளை மட்டும் உள்ளே செலுத்துகிறது, கூடு வெளியே நின்றுவிடுகிறது. ஹெர்ஷி, சேஸ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் காட்டியது இதைத்தான்.

'பாக்டீரியாக்கொல்லி'யும் சரிவராது. மருந்துகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. எல்லா ஃபேஜும் கொல்வதும் இல்லை. சில, பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். காலரா நச்சுக்கான மரபணுவே இப்படி ஒரு ஃபேஜ் சுமந்து வந்ததுதான் என்று வால்டரும் மெக்கலனோசும் 1996இல் கண்டறிந்தார்கள். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமிக்கும் நஞ்சு வந்த வழி அதுவே. 'கொல்லி கிருமிக்கு நஞ்சூட்டியது' என்று மாணவருக்கு எழுதினால் என்ன புரியும்?

என் பரிந்துரை: பாக்டீரியாத்தொற்றி. பேருந்துப் படியில் தொற்றிக்கொள்வதும் நோய் தொற்றுவதும் நமக்கு ஒரே வினைதான். இந்த வைரஸ் இரண்டையும் செய்கிறது. டிஎன்ஏவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலைக்கு 'உள்ளுறைதொற்றி'.

---

'தொற்றி' நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் பாக்டீரியா நோய்களுக்கு ஃபேஜையே மருந்தாகக் கொடுக்கும் ஃபேஜ் தெரப்பியை என்ன செய்வது? 'தொற்றிச் சிகிச்சை' என்றால் தொற்றுநோய்க்கான சிகிச்சை என்றே படிப்பார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923இல் இதற்கென்றே நிறுவனம் தொடங்கினார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால் இப்போது மற்ற நாடுகளும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. செய்தித்தாளில் அதிகம் வரப்போவது இந்தச் சொல்தான்.

---

நியாயமான கேள்வி அம்மா. அங்கே முழுப்பெயரையே எழுதுவோம்: 'பாக்டீரியாத்தொற்றி மருத்துவம்'. நீளம்தான், ஆனால் நோயாளி கைக்குப் போகும் தாளில் ஐயத்துக்கு இடம் இருக்கக் கூடாது. 'தொற்றி' என்ற சுருக்கம் ஆய்வகப் பேச்சோடு நிற்கட்டும். 'உள்ளுறைதொற்றி'யைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லையே. உயிரியல் கற்பிப்பவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.